சாளையும் களமும்

கட்டடக் கலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் திருமலை நாயக்கர் மகாலுக்கும் சென்று நிற்பது வழக்கம். உழவன் தன் மாட்டுக்கும் தானியத்துக்கும் எழுப்பிய கொட்டிலை எவரும் அக்கலையில் சேர்த்து எண்ணுவதில்லை. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு; கொட்டிலுக்கு அது கிடையாது. ஆயினும் நம் முன்னோருள் மிகப் பலர் பிறந்ததும் உழைத்ததும் கண் மூடியதும் இத்தகைய எளிய கட்டடங்களுக்கு நடுவேதான். அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நம் சங்கத்து ஆண்டு மலரில் சிறிது பேசலாம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

பொம்மனஹள்ளியில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பல சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களிலிருந்து ஓசூர்ச் சாலை வழியே வந்தவை. ஆடைத் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் நாம், நம் குடியிருப்பு எழுந்த மண்ணில் முன்னர் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. 2007ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை பொம்மனஹள்ளி தனி நகராட்சியாக இருந்தது. அதற்கும் முன்னர் பேகூரைச் சார்ந்த ஓர் உழவர் சிற்றூர். பெங்களூர் என்னும் பெயரைத் தாங்கிய, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த நடுகல் கிடைத்ததும் அதே பேகூரில்தான். இந்நிலம் கேழ்வரகு விளைந்த நிலம். மெட்ரோ வண்டி தலைக்கு மேலே ஓடும் இவ்விடத்தில் களமும் கொட்டிலும் தொட்டி வீடும் இருந்தன.

பண்ணைக் கட்டடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது ஓர் அயல்நாட்டாரை நினைவுகூர்வது பொருத்தம். பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியிலே 1762இல் பிறந்தவர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் உழவையும் தொழிலையும் ஆராய்ந்து வருமாறு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரைப் பணித்தார். 1800 ஏப்பிரலில் சென்னையை விட்டுப் புறப்பட்ட அவர் பெங்களூர் வழியாக மைசூர் நாட்டைச் சுற்றி, அவ்வாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர்ப் பகுதியையும் கண்டார். கலப்பை, வித்து, எரு, கூலி, கால்நடை, கிணறு என எதனையும் விடாமல் எழுதிவைத்த அவருடைய பயண நூல் 1807இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆட்சியாளரின் வரிக் கணக்குக்கு உதவவே அவர் அனுப்பப்பட்டார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. எனினும் உழவனின் வீட்டு வாயிலில் நின்று வினாத் தொடுத்த அறிஞர் அக்காலத்தில் மிகச் சிலரே.

புக்கானன் பிறந்த நாட்டிலும் அப்போது பண்ணைக் கட்டடங்கள் உருமாறிக்கொண்டிருந்தன. அதற்கு முன்னர் ஸ்காட்லாந்து உழவர் பலர் ஒன்றாய்ச் சேர்ந்து குத்தகைக்கு நிலம் பிடித்து, அதை நீண்ட கீற்றுகளாகப் பங்கிட்டுப் பயிரிட்டனர். ஒரே கூரையின் கீழ் ஒரு பாதியில் மனிதரும் மறு பாதியில் மாடுகளும் வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மிஸ்டனைச் சேர்ந்த ஜான் காக்பர்ன், மானிமஸ்க்கைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு கிராண்டு போன்ற நிலக்கிழார்கள் வேளாண்மையைச் சீர்திருத்த முற்பட்டனர். கீற்று நிலங்கள் ஒன்றாக்கப்பட்டு, ஒரு பண்ணைக்கு ஒரு குத்தகையாளர் என்ற முறை பரவியது. அவருக்காகக் கல்லாலான புதிய கட்டடத் தொகுதி எழுந்தது. இதனையே அந்நாட்டார் 'ஸ்டெடிங்' என்பர்.

நடுவே ஒரு முற்றம். அதைச் சூழ நாற்புறமோ முப்புறமோ கட்டடங்கள். வடபுறத்தில் உயர்ந்து நிற்பது கதிரடிக்கும் கூடம். குளிர்காற்றைத் தடுத்து, தென்திசை வெயில் முற்றத்தில் விழும்படி செய்வது அதன் வேலை. ஒரு பக்கம் மாட்டுக் கொட்டில், மறு பக்கம் குதிரை லாயம். வண்டிகள் நிற்பதற்கு வளைவு வாயில்கள் வரிசையாக அமைந்த கொட்டகையும், ஈரமும் எலியும் அணுகாதபடி அதன் மேல்மாடியில் தானிய அறையும் இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் எருக்குவியல். அழகிய கட்டடத்தின் நட்ட நடுவே சாணக் குவியலா என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. அந்நாட்டுப் பண்ணைக்கு அதுவே செல்வம். 1786இல் ஆண்ட்ரூ மெய்க்கிள் என்னும் ஆலைத் தச்சர் கதிரடிக்கும் பொறியைச் செய்து முடித்தார். அதன்பின் கூடத்தை ஒட்டி ஒரு வட்டக் கட்டடமும் சேர்ந்தது. அதனுள் குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து பொறியை இயக்கின. பிற்காலத்தில் நீராவி வந்தபோது, கிழக்கு லோதியன் பகுதியில் பண்ணைகளின் நடுவே ஆலைகளுக்கு இருப்பது போன்ற புகைபோக்கிகள் எழுந்தன.

இத்தனையும் எதற்காக? அந்நாட்டில் ஆண்டின் வெற்றுக் காலம் குளிர்காலம். புல் முளைக்காத மாதங்களில் மாட்டுக்குத் தீனியும் மனிதனுக்கு உணவும் நான்கு சுவருக்குள் இருந்தாக வேண்டும். அறுத்த கதிரும் ஈரத்தோடு வருவதாதலின் அதை அடிப்பதற்கும் கூரை வேண்டும். முற்றத்தை மூடிய அவ்வமைப்பு முழுவதும் குளிருக்கு எதிராக எழுப்பிய ஒரு கோட்டை எனலாம்.

நம் கொங்கு நாட்டில் வெற்றுக் காலம் கோடை. காங்கயம், தாராபுரம் வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் மழை குறைவு, வெயில் மிகுதி. ஆகவே நம் பண்ணை, சுவரால் மூடிய கோட்டையாகாமல் வானத்துக்குத் திறந்து கிடந்தது. தோட்டத்து நடுவில் அமைந்த உழவர் வீட்டைக் கொங்கு நாட்டார் சாளை என்பர். ஊருக்குள் வீடு இருப்பினும், மாடும் கிணறும் இருக்கும் தோட்டத்தை விட்டு அகலாமல் இருப்பதற்காக எழுந்தது அது. சற்று வசதியுள்ளோர் தொட்டிக்கட்டு வீடு அமைத்தனர். நடுவில் வானம் பார்த்த தாழ்ந்த முற்றம். அதனைச் சுற்றித் தாழ்வாரம். நான்கு கூரைகளின் நீரும் அதனுள் விழும். முன்னே ஆசாரம், வெளியே திண்ணை, உள்ளே குதிர்கள் நிற்கும் அறை, மேலே பரண். பனங்கைகளின் மேல் ஓலையோ நாட்டு ஓடோ வேய்ந்த கூரை. 1865இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், தட்டையான சீமை ஓடு மெல்ல மெல்ல இங்கும் வந்தது.

வீட்டைக் காட்டிலும் வீட்டைச் சுற்றியுள்ளவையே சாளையின் உயிர். திண்ணையில் படுத்திருப்பவர் தலையைத் தூக்கினால் கட்டுத்தரை கண்ணில் படவேண்டும். மாட்டைக் களவு கொடுத்தவன் உழவை இழந்தான் என்ற நிலை அன்று. ஸ்காட்லாந்திலும் பண்ணை வீட்டின் சன்னல் முற்றத்தை நோக்கியிருந்தது. இரு நாட்டுக் குடியானவரும் தம் செல்வத்தைக் கண்ணால் காவல் காத்தனர். கட்டுத்தரையை அடுத்துக் கழுநீர் ஊற்றும் தாழி. அதற்கு அப்பால் சோளத்தட்டுப் போர். கறையான் ஏறாதபடி கற்களைப் பரப்பி, அதன்மீது கவிழ்த்த ஓடம் போல முதுகு வளைத்து அடுக்குவர். ஒரு துளி மழையும் உள்ளே இறங்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் பாய்ந்து வரும் காற்று இப்பகுதியின் பெரும் சிறப்பும் பெரும் தொல்லையும் ஆகும். இன்று அக்காற்றை நம்பிக் காற்றாலைகள் சுழல்கின்றன. அன்று அதற்கு அஞ்சியே எங்கள் பக்கத்துச் சாளைகளில் மேற்குச் சுவருக்குச் சன்னல் வைக்காமல் விட்டனர். அடுப்பங்கரைத் தீப்பொறி காற்றோடு பறந்து போரில் விழாதவாறு போரின் இடத்தையும் தேர்ந்தனர். படம் வரைந்து கட்டியவர் எவருமில்லை. காற்றே வரைந்து கொடுத்த படம் அது.

களத்துக்குக் கூரை இல்லை. தைக்குப் பின் அறுவடை காயும் நாட்டில் கூரை எதற்கு? சாணம் மெழுகிய தரையிலோ, இயற்கையாய்க் கிடந்த பாறையின் மீதோ கதிரைப் பரப்பி மாடுகளைப் பிணைத்து ஓட்டினர். மைசூர்ச் சீமையில் கேழ்வரகுக் கதிரின்மேல் ஓட்டும் கல் உருளையை ரோணகல்லு என்பர். மெய்க்கிளின் பொறியில் குதிரைகள் வட்டமிட்டது போலவே இங்கே மாடுகள் வட்டமிட்டன. வேறுபாடு தலைக்கு மேலே கூரை இருந்ததா வானம் இருந்ததா என்பதுதான்.

வேலியையும் கட்டடத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். கிளுவை முள்ளை நட்டு வளர்த்த உயிர்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த மேய்ச்சல் நிலம் கொறங்காடு எனப்படும். காங்கயம் மாடு உருவானது இவ்வேலிக்குள்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் பேணிய மந்தை நாடறிந்தது. நம் ஓசூர்ச் சாலையிலேயே தெற்கே சென்றால், மத்திகிரியில் 1824இல் தொடங்கிய அரசு கால்நடைப் பண்ணை உண்டு. தென்னாட்டுக் கால்நடைகளைப் பற்றி 1936இல் நூல் எழுதிய லிட்டில்வுட் என்பாரும் ஓசூரில் பணியாற்றியவரே. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கையேட்டை 1887இல் தொகுத்த நிக்கல்சன் துரை, கிணற்றுத் தோட்டத்துக் குடியானவரின் உழைப்பை எடுத்துரைத்தார். கல்லும் ஓடும் அல்லாமல் முள்ளும் புல்லும் கொண்டு எழுப்பிய கட்டடமாகவே கொறங்காட்டை நான் காண்கிறேன். கட்டடக் கலைஞர் ஒப்பாமற் போகலாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தானியக் குழி. கொங்கு நாட்டில் சோளத்தையும் கம்பையும், மைசூர் நாட்டில் கேழ்வரகையும் நிலத்தடியில் காத்தனர். கன்னடத்தில் இதற்கு ஹகேவு என்று பெயர். புக்கானனும் இவ்வழக்கத்தைக் குறித்து வைத்தார். நீர் தேங்காத மேட்டில், இறுகிய சுக்கான் மண்ணாகப் பார்த்துத் தோண்டுவர். வாய் ஒருவர் நுழையும் அளவே. கீழே செல்லச் செல்ல வயிறு போல விரியும். அடியிலும் பக்கத்திலும் வைக்கோல் அணைத்து, தானியத்தைக் கொட்டி, பலகைக் கல்லால் மூடி மண்ணால் பூசிவிடுவர். உள்ளே உள்ள தானியம் உயிர்த்து உயிர்த்துக் காற்றில் உள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். புழுவும் வண்டும் மூச்சற்று மடியும். வேதியியல் பயிலாத உழவன் கண்ட வேதியியல் இது. கேழ்வரகு இவ்வாறு பல்லாண்டு கெடாமல் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கனகதாசர் இயற்றிய ராமதான்ய சரிதெ என்னும் கன்னடக் காவியத்தில் நெல்லும் கேழ்வரகும் தம்முள் எது உயர்ந்தது என்று வழக்காடுகின்றன. ஆறு மாதச் சிறைவாசத்துக்குப் பின் கெடாமல் வெளிவந்த கேழ்வரகே வெல்கிறது. குழியைக் கண்ட நாட்டில்தான் அக்கதை பிறக்க முடியும்.

பஞ்சத்துக்கு மட்டுமன்றிப் படைக்கும் குழி மருந்தாயிற்று. 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்தார். அவ்வாண்டு மே மாதம் சீரங்கப்பட்டணத்தை நெருங்கியும் உணவும் தீனியும் இன்றித் திரும்பினார். இரு தரப்புப் படைகளும் மாறி மாறி நடந்த இந்நிலத்தில், வாய் மூடி மண் பரப்பிய குழியே உழவனின் கருவூலம். குதிரைப் படை குதிரைக் கண்ணால் அதைக் காணாது.

இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் ஒரு சொல். நாம் களம் என்பதைக் கன்னடர் கண என்பர். நம் கொட்டில் அவர்க்குக் கொட்டிகெ. தொட்டி இருவர்க்கும் தொட்டியே. களஞ்சியமும் கணஜமும் ஒலியால் உறவு காட்டுகின்றன. பெங்களூரில் நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் கன்னடம் அயல் மொழி என்று அஞ்சும் பெற்றோர், ஒரு பழைய உழவர் வீட்டு முற்றத்தில் நின்று இச்சொற்களைக் கேட்பார்களாயின் அச்சம் நீங்குவர்.

பெருமை மட்டும் பேசிவிட்டு முடித்தால் வரலாறு ஆகாது. ஸ்காட்லாந்தில் அழகிய முற்றம் எழுந்தபோது, கீற்று நிலம் வைத்திருந்த சிறு குடியானவர் பலர் நிலம் இழந்து கூலியாட்களாயினர். சிலர் நகரத்துக்கும் சிலர் கடல் கடந்தும் சென்றனர். புதிய முற்றத்தின் ஓரத்தில், மணமாகாத வேலையாட்கள் கூடிப் படுக்க ஓர் அறை ஒதுக்கப்பட்டது. நம் சாளையில் அதுவும் இல்லை. பண்ணையாளின் குடில் தோட்டத்துக்கு வெளியே, சேரியில். அவருக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. உணவு கொல்லைப்புறத்தில் ஊற்றப்பட்டது. தொட்டிக்கட்டின் நிலைப்படியை அவர் தாண்டியதில்லை. குழந்தைப் பருவத்திலேயே ஆடு மேய்க்கப் பண்ணையில் விடப்பட்ட சிறுவர் எத்தனையோ பேர். பெருமாள்முருகனின் கூளமாதாரி என்னும் புதினம் அத்தகைய ஒரு சிறுவனின் கண்ணால் பண்ணையைக் காட்டுகிறது. முன்கடனுக்காகக் கட்டுண்டு உழைக்கும் கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சாளையின் வரைபடத்தை வரைவோர் திண்ணை எங்கே, களம் எங்கே என்பதோடு, யார் எதுவரை வரலாம் என்னும் கோட்டையும் வரைந்தால்தான் படம் முழுமையுறும்.

சாளை மறையத் தொடங்கியது மின்சாரத்தால். 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் கோவை நாட்டுக் கிணறுகளுக்கு மின்விசைப் பொறிகள் வந்தன. கவலை இறைத்த மாடுகளுக்கு வேலை இல்லையாயிற்று. மாடு குறைந்தது, கட்டுத்தரை சுருங்கியது, போர் சிறுத்தது, ஆள் தேவையும் குறைந்தது. கவலை இறைத்த நாளில் விடியலுக்கு முன்னரே கிணற்றடிக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறினர். ஆண்டான் வீட்டுப் பிள்ளையும் ஆள் வீட்டுப் பிள்ளையும் ஒரே பேருந்தில்தான் வந்தார்கள். இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை.

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் பாட்டனாரின் சாளை சென்ற ஆண்டு விலைக்குப் போயிற்று. இடிப்பதற்கு முன் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அளவு நாடாவோடு சென்றேன். தொட்டி, ஆசாரம், குதிர் அறை எல்லாவற்றையும் ஒரு பகலில் அளந்துவிட்டேன். குழி மட்டும் எங்கே என்று தெரியவில்லை. சிறுவனாக இருந்தபோது பார்த்த நினைவு உண்டு. களத்தின் மூலை என்று மனம் சொல்லிற்று. அங்கே தோண்டியும் கல் தட்டுப்படவில்லை. எங்கள் பண்ணையில் சிறுவயது முதல் உழைத்த பெரியவர் ஒருவர் அடுத்த ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்து, சென்று அழைத்தேன். எழுபத்தைந்து வயது இருக்கும். அவருடைய தந்தையார் என் பாட்டனாரைச் சாமி என்று அழைத்தவர். இவர் என்னைத் தம்பி என்றார். அது எனக்கு ஆறுதலாயிருந்தது.

அவர் களத்தின் மூலைக்குப் போகவே இல்லை. போர் அடுக்கிய இடத்துக்கும் வேம்புக்கும் இடையில் வந்து காலால் தரையைத் தட்டினார். "ஐயா, களத்து மூலை என்றல்லவா நினைத்திருந்தேன்?" என்றேன். "உள்ள எறங்குனது நானுங்க தம்பி. நீங்க வாய்ல நின்னு எட்டிப் பாத்தீங்க" என்றார்.

உண்மைதான். குறுகிய வாயில் நுழைவதற்குச் சிறுவனே ஏற்றவன். எங்கள் வீட்டுச் சிறுவரை எவரும் இறக்கியதில்லை. முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்களாம். அணைந்தால் காத்திருப்பார்கள். அணையாவிட்டால் இவர் இறங்கி, கூடை கூடையாக அள்ளி மேலே கொடுப்பாராம். ஒருமுறை விளக்கு அணையவில்லை, ஆயினும் அடித் தானியத்தைக் கிளறியபோது தலை சுற்றி விழுந்து, கயிற்றால் இழுத்துப் போட்டார்களாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. குழி எவ்வளவு ஆழம் என்பதற்குக் கணக்காகச் சொன்னார்: முழங்கால் அளவு சோளம் இருக்கும்போது கையைத் தூக்கினால் கல்லின் விளிம்பு தொடுமாம். அடித்தரையில் நின்றால் தொடாதாம்.

மண்ணை நீக்கினோம். கல் இருந்தது. நகர்த்தி, அவர் சொன்னபடி விளக்கை இறக்கினோம், பாதியிலேயே அணைந்தது. அன்று திறந்து போட்டுவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் இறக்கினோம்; அணையாமல் அடிவரை சென்று நின்றது. ஆயினும் எவரையும் இறங்க விடவில்லை. கயிற்றில் கல்லைக் கட்டி அளந்தோம். வாய் 1 அடி 10 அங்குலம். ஆழம் 9 அடி. வயிற்றின் அகலத்தை மேலிருந்து அளக்க வழியில்லை. பெரியவர் தரையில் அமர்ந்து இரு கைகளையும் விரித்து, "இதுக்கு மேல ஒரு சாண்" என்றார். அவர் கையை அளந்து, ஒரு சாண் கூட்டி, வரைபடத்தில் அந்த அளவையே எழுதினேன்.